மாடிக்கு ஏறும் தண்ணீர்

ஹுஸ்ரெஃப் கட்டிய வீட்டில் எல்லாம் இருந்தது, இரண்டு வால்வுகளைத் தவிர.

நிலவறையில், வீடு முழுக்கச் சூட்டுத்தண்ணீர் அனுப்பும் விறகு பாய்லர். அதற்கு மேலே தரைத்தளம். அங்கே அவரும் அவர் பெண்டாட்டி ஸும்ராவும் இருந்தார்கள். அதற்கும் மேலே மாடி, மகன் எல்வீருக்கு. உசோரா ஆற்றங்கரையில் எந்த வீட்டைப் பார்த்தாலும் இதே கணக்குத்தான். ஒரு மகன் என்றால் ஒரு மாடி, இரண்டு மகன் என்றால் இரண்டு. வெளிச்சுவருக்குப் பூச்சு பூச எவனுக்கும் கை வருவதில்லை. செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் மாடிக்கு மேல் மாடி எழுப்ப மட்டும் போஸ்னியாக்காரனுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும்.

நாட்டில் சண்டை ஓய்ந்த மறுவருஷம் ஹுஸ்ரெஃப் அஸ்திவாரம் தோண்டினார். மூன்று வருஷம் இழுத்தது. கூரை ஏறிய அன்று முகட்டு உத்தரத்தில், வழக்கப்படி, வேலை செய்தவர்களுக்கெல்லாம் புதுச் சட்டையும் துண்டும் தொங்கவிட்டார்கள். வரிசையின் கடைசியில் சின்னதாக ஒரு நீலச் சட்டை காற்றில் ஆடியது. ஆணி எடுத்துக் கொடுத்ததற்காக எல்வீருக்கு அவன் அப்பா தொங்கவிட்டது.

தண்ணீர், மின்சாரம், வெந்நீர்க் குழாய் எல்லாமே ஹுஸ்ரெஃப் தானாகப் போட்டதுதான். வரைபடம் என்று ஒரு காகிதம் கிடையாது. கேட்டால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். குழாய்களைப் பற்றவைக்க மட்டும் பக்கத்து வீட்டு ரெஃபிக் வந்தார். ரெஃபிக் ஃபாக்டரியில் வெல்டராக இருந்தவர்; வாயும் வெல்டிங் மாதிரியே பொறி பறக்கும்.

"மாடிக்குப் போற கிளையில ரெண்டு வால்வு வைடா" என்று அன்றைக்கே சொன்னார் ரெஃபிக். "போற குழாயில ஒண்ணு, திரும்புற குழாயில ஒண்ணு. நாளைக்கு மாடியில ஆள் இல்லேன்னா மூடிட்டுத் தண்ணிய வடிச்சிடலாம். இல்லாட்டி வெறும் மாடிக்கு விறகு போட்டே மாண்டுபோவே."

"ஆள் ஏன்டா இல்லாம போவான்? என் மவன் வீட்ட அடைக்கிறதுக்கு நானே தாழ்ப்பாள் போடணுமா? ஒரே வீடு, ஒரே தண்ணி."

"உன் வீடு. உன் விறகு. உன் தலையெழுத்து."

அத்தோடு பேச்சு முடிந்தது. சுவரைப் பூசி மூடினார்கள். எட்டு வருஷம் கழித்து, இருபது வயதில், எல்வீர் ஆஸ்திரியாவுக்குப் போனான். கிராட்ஸ் நகரத்தில் அவன் பார்க்கும் வேலை என்ன தெரியுமா? ஊரார் வீடுகளுக்கு ரேடியேட்டரும் பாய்லரும் மாட்டுவது.

பதினெட்டு குளிர்காலம் போயிற்று. ஒவ்வொரு குளிர்காலமும் ஹுஸ்ரெஃப் காலை ஐந்து மணிக்கு நிலவறைக்கு இறங்கி பாய்லர் மூட்டினார். ஒரு நாளைக்கு ஐந்து கூடை பீச் மர விறகு. மாடியில் எட்டு ரேடியேட்டர், சூட்டுத்தண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புப் பட்டைகள். எட்டும் சூடாகக் கிடக்கும். திரைச்சீலை தொங்கும், கட்டிலில் விரிப்பு விரித்திருக்கும், யாரும் இருக்கமாட்டார்கள். மூடாமல் ஏன் எரிக்கிறாய் என்று கேட்டால், "உறைஞ்சா குழாய் வெடிச்சிடும்" என்பார். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. எல்வீர் வருவது ஆகஸ்டில். ஆஸ்திரியாக்காரி மனைவி காத்ரின், இரண்டு பெண் குழந்தைகள், பத்து நாள். ஆகஸ்டில் யார் பாய்லர் மூட்டுவார்கள்? அப்பா பதினெட்டு வருஷம் சூடேற்றிய மாடியில் மகன் ஒரு நாள்கூடச் சூட்டோடு தூங்கியதில்லை.

அந்த நவம்பரில் ஹுஸ்ரெஃபுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாயில் இரண்டு கம்பிச்சுருள் வைத்து அனுப்பினார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, படி ஏறி இறங்கக்கூடாது என்று டாக்டர் ஸும்ராவிடம் இரண்டு தடவை சொன்னார், புருஷன் காதில் ஏறாது என்று தெரிந்தவர் மாதிரி.

அப்புறம் விறகுக் கூடை ஸும்ரா தலையில் விழுந்தது. அறுபத்து நாலு வயது, இடது முழங்கால் எப்போதும் வீங்கியே இருக்கும். கொட்டகையிலிருந்து பனியில் சறுக்காமல் கூடையை இழுத்து வந்து, பதினோரு படி இறங்கி, சாம்பலை வாரி, மறுபடி ஏற வேண்டும். ஐந்து கூடை. ஐந்தாவதுக்குள் கண் இருட்டிவிடும்.

டிசம்பரில் ஒரு காலை அவள் விழித்தபோது பக்கத்தில் படுக்கை காலியாக இருந்தது. நிலவறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கீழே போய்ப் பார்த்தால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் காலுறையோடு, பாய்லர் முன்னால் உட்கார்ந்திருந்தார் ஹுஸ்ரெஃப். சத்தம் கேட்டு அவள் எழுந்துவிடக் கூடாதாம். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"என்னய்யா பண்றே? சாகணும்னு முடிவே பண்ணிட்டியா?"

"சும்மா பாக்க வந்தேன்."

"பாக்க வந்தவன் கையில ஏன் கரி?"

"ரெண்டே கட்டைதான்டி போட்டேன். சின்னக் கட்டை."

"மேல யாரு இருக்கா? சொல்லு. எந்த மகாராசா மேல படுத்திருக்கான், அவனுக்கு நீ உசிர எரிச்சிப் போடுறே?"

ஹுஸ்ரெஃப் பாய்லர் கதவைச் சாத்தி, அதன் மேல் கையை வைத்தபடி மூச்சு வாங்கினார். கேட்டது தப்பு என்று அந்த நொடியே ஸும்ராவுக்குத் தெரிந்தது. தப்பு என்பதற்காகக் கேட்காமல் இருக்க முடியாது. அவளுக்கு மகன் மாடி முக்கியமில்லை, புருஷன் உயிர்தான் முக்கியம். அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் அவர் கண் அயர்ந்ததும் மகனுக்குப் போன் போட்டாள்.

"மாடி ரேடியேட்டரையெல்லாம் திருகி மூடிரும்மா, போதும்" என்றான் எல்வீர் முதலில்.

"மூடினா உள்ள தண்ணி நிக்கும், நின்னா உறையும், உறைஞ்சா இரும்பு பிளந்துரும்னு ரெஃபிக் சொல்றாரு. நீ ஊருக்கெல்லாம் மாட்டுறவன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. வடிக்கணும். மாடிய மட்டும் வடிக்கணும்னா நடுவுல வால்வு வேணும்."

"அப்ப வந்து போடு."

"அப்பா விடமாட்டாரு."

"அப்பா விட்டா என்ன, விடாட்டி என்ன. அவரு செத்தா வருவேல்ல? அதுக்கு முன்னாடி ஒருக்கா வா."

சொன்ன பிறகு போனை மாவு டப்பா மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தை மூடி அழுதாள்.

ஜனவரியில் மூன்று நாள் லீவு போட்டு எல்வீர் வந்தான், தனியாக, காரின் பின்னால் குழாய்வேலைச் சாமான் பெட்டிகளோடு. ஹுஸ்ரெஃபுக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. குளிர்காலத்தில் மகன் வந்திருக்கிறானே! சாமான் பெட்டியைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது.

சாப்பாட்டுக்கு ஸும்ரா புகையிட்ட இறைச்சி போட்டு பீன்ஸ் குழம்பு வைத்திருந்தாள். மூன்று பேரும் ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துத் தின்றார்கள்.

"நல்லா இருக்கும்மா" என்றான் எல்வீர்.

"திருட்டுக் கூட்டம்" என்றார் ஹுஸ்ரெஃப், குழம்பைப் பார்த்து. "ஆத்தாளும் மவனும் போன்ல சதி பண்ணி என் வீட்ட ரெண்டா வெட்ட வந்திருக்கு."

"வெட்டலப்பா. வேணும்கிறப்ப திறந்துக்கலாம்."

"எப்ப வேணும் உனக்கு?"

எல்வீர் ரொட்டியைப் பார்த்தான். பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள், காத்ரினுக்கு அங்கே வேலை, வீட்டுக்கடன் அங்கே. எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாரும் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

அவன் மாடியில் போய்ப் படுத்தான். காலையில் இறங்கி வந்தபோது தலைமுடி கலைந்து, கன்னம் சிவந்து, சின்ன வயசில் இருந்த மாதிரியே இருந்தான். ஸும்ரா காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"நல்லாத் தூங்கினேன்மா. மேல எவ்வளவு சூடா இருக்கு! போர்வையத் தள்ளிட்டுத் தூங்கினேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஹுஸ்ரெஃப் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் காது சிவந்ததை ஸும்ரா கவனித்தாள். பதினெட்டு வருஷமாக அவர் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அந்த மாடியை மூடப்போகிற நாளில்தான் வந்தது.

எட்டு மணிக்கு ரெஃபிக் வந்தார். விடிந்தபின் விறகு போடாமல் நெருப்பை அணைய விட்டிருந்தார்கள். வீடு குளிரத் தொடங்கியிருந்தது. மாடிப்படி முடியும் இடத்தில், பூச்சுக்குள்ளே எங்கோ மூன்று குழாய்கள் ஏறுகின்றன. ஒன்று மாடிக்குச் சூட்டுத்தண்ணீர் கொண்டுபோவது. ஒன்று அதைத் திரும்பக் கொண்டுவருவது. மூன்றாவது, பாய்லரிலிருந்து நேரே பரண் டேங்குக்குப் போவது. தண்ணீர் சூடேறிப் பெருகும்போது மூச்சு விட அதுதான் வழி.

"அந்த மூணாவதுல மட்டும் வால்வு ஏறிச்சுன்னு வை," என்றார் ரெஃபிக், "பாய்லர் இல்ல, குண்டு. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் வீட்டுல அந்தக் குழா உறைஞ்சே போச்சு. பாய்லர் கதவ எங்க கண்டெடுத்தாங்க தெரியுமா? பிளம்ஸ் தோட்டத்துல."

"தெரியும் ரெஃபிக் மாமா. எது எதுன்னு தெரிஞ்சாதானே? நெருப்பு இருக்கறப்பவே தடவிப் பாத்தேன். துணி சுத்திப் பூசியிருக்காரு, மூணும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"அப்ப எல்லாத்தையும் உடை."

எல்வீர் உளியை வைத்து அடித்தான். பூச்சு உதிர்ந்தது, செங்கல். இன்னொரு இடம்; அங்கேயும் செங்கல். மூன்றாவது இடத்தில் உடைத்தபோது மின்சாரக் கம்பியின் உறை பளிச்சென்று தெரிந்தது. நல்லவேளை, வெட்டுப்படவில்லை. ரெஃபிக் வசைபாடியபடி மெயினை அணைக்க ஓடினார்.

"பூசுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வெச்சிருந்தா என்ன?" என்று எல்வீர் கத்திவிட்டான். "நான் ஒவ்வொரு வீட்டுலயும் சொல்றது அதுதான். மொத வேலை, போட்டோ. மொத வேலை!"

கீழே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஒரு படி. நிறுத்தம். இன்னொரு படி. ஸும்ரா ஓடிப்போய்த் தடுக்கப் பார்த்தாள்.

"ஏறாதே! டாக்டர் என்ன சொன்னாரு?"

"தள்ளுடி."

கைத்தடியை ஊன்றிப் பதினாறு படியை அவர் ஏறி முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. மேலே வந்து, சுவரில் மகன் பண்ணியிருந்த மூன்று ஓட்டைகளையும் பார்த்தார்.

"நாயி எலும்பு தேடின மாதிரி தோண்டி வெச்சிருக்கே. கிராட்ஸுல இதுக்கா சம்பளம் தர்றான்?"

விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். நாலு விரல் இடப்பக்கம் நகர்ந்து மறுபடி தட்டினார். காதில் செருகியிருந்த தச்சன் பென்சிலை எடுத்து மூன்று கோடு போட்டார்.

"இது போறது. இது வர்றது. இந்தா, இது டேங்கு. இதுல கைய வெச்சே, கைய ஒடிப்பேன்."

கோட்டின் மேல் உளி விழுந்த முதல் அடியிலேயே துணி தெரிந்தது. சாம்பல் நிறக் கம்பளித் துண்டுகள், கம்பியால் சுற்றிக் கட்டியது. ஸும்ரா கிட்டே போய்ப் பார்த்தாள். சண்டைக் காலத்தில் நிவாரணத்துக்குக் கொடுத்த போர்வை. எல்வீர் குழந்தையாக இருந்தபோது அதில் சுற்றித்தான் இரண்டு குளிர்காலத்தைக் கடத்தினார்கள். அதைக் கிழித்து அவர் குழாய்க்குச் சுற்றியது அவளுக்கே தெரியாது.

அப்புறம் வேலை ஓடியது. முற்றத்துக்கு ரப்பர் குழாயை இழுத்துத் தண்ணீரை வடித்தார்கள். துருவோடு கறுப்புத் தண்ணீர் பனியில் போய் விழுந்தது. எல்வீர் குழாயை அறுத்து மரை போட்டான். கசியாமலிருக்க மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்ததும் ஹுஸ்ரெஃப் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"பொம்பளப் புள்ளைக்கு ரிப்பன் கட்டுற வேலையெல்லாம் அங்க வெச்சுக்க. சணல் சுத்து."

"இப்பல்லாம் யாரும்..."

"சணல்."

ரெஃபிக் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்வீர் சணல் நாரைப் பிரித்து, பசை தடவி, மரையின் திசையிலேயே சுற்றினான். அப்பா குனிந்து பார்த்தார். திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

"ம்" என்றார்.

மூன்று மணிக்குள் இரண்டு வால்வும் ஏறின, சிவப்புக் கைப்பிடியோடு. அவற்றுக்கு மேலே வடிப்பதற்கு ஒரு சின்னக் குழாய். மறுபடி தண்ணீர் நிரப்பி, நெருப்பு மூட்டி, ஒழுகுகிறதா என்று தடவிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. இனி மூடுவதுதான் பாக்கி.

"நீங்க மூடுங்கப்பா" என்றான் எல்வீர்.

"போட்டவன் மூடட்டும்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கடைசியில் ஸும்ராதான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். கேட்டவள் நான், பாவம் என்றால் என் கையோடு போகட்டும் என்று நினைத்தாள். கால் சுற்று ஒன்று, கால் சுற்று இன்னொன்று. அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை.

எல்வீர் வடிகுழாயைத் திறந்தான். எட்டு ரேடியேட்டரிலிருந்தும் தண்ணீர் கலகலவென்று இறங்கிப் போகும் சத்தத்தை ஹுஸ்ரெஃப் கடைசிவரை நின்று கேட்டார்.

ஐந்து கூடை இரண்டாயிற்று. ரெஃபிக் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார், ஸும்ரா ஒன்று. கொட்டகையில் விறகு குறையவேயில்லை. வீடு கதகதவென்று இருந்தது. டாக்டர்கூட மெச்சினார்.

ஆனால் காலை ஐந்து மணிக்கு ஹுஸ்ரெஃப் எழுந்துவிடுவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலுறை மாட்டுவார். மாட்டிக்கொண்டு அப்படியே இருப்பார். ஏழு மணிவரை நெருப்பைத் தொட வேண்டியதில்லை, அவர் தொடவே வேண்டியதில்லை.

"படுய்யா" என்பாள் ஸும்ரா.

"மேல எவ்வளவு குளிர் இருக்கும் இப்போ?"

"இருந்தா என்ன. தண்ணிதான் இல்லையே, உறையறதுக்கு."

"சும்மாதான் கேட்டேன்."

பிப்ரவரிக் கடைசியில், அப்படிக் காலுறை மாட்ட உட்கார்ந்தவர், ஒற்றைக் காலுறையோடு பக்கவாட்டில் சாய்ந்தார். எதையும் தூக்கவில்லை, எந்தப் படியும் ஏறவில்லை. சொன்னதையெல்லாம் கேட்டு நடந்த மனுஷனாகத்தான் செத்தார்.

எல்வீர் இந்தமுறை குடும்பத்தோடு வந்தான். மறுநாள் விடியும்போது வந்து சேர்ந்தார்கள். மத்தியானத் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் சவப்பெட்டியைத் தோளில் மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள். ஸும்ரா யாருக்கு எத்தனை காபி கொடுத்தோம் என்று தெரியாமல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் காத்ரின் பெட்டிகளை மாடிக்குக் கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் சின்னப் பேத்தி ஹனா இறங்கி வந்து, பாட்டியின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"பாட்டி, மேல பேசினா வாயில இருந்து புகை வருது."

ஸும்ரா அசையாமல் நின்றாள். பதினெட்டு வருஷம் ஆளில்லாமல் சூடாகக் கிடந்த மாடி, குடும்பத்தோடு ஆள் வந்திருக்கும் ஒரே குளிர்காலத்தில் குளிர்ந்து கிடக்கிறது. மூடியது அவள் கை.

"எல்லாரும் கீழயே படுத்துக்குவோம்மா" என்றான் எல்வீர். "நாளன்னைக்குப் போயிடுவோம். ரெண்டு நாள்தானே."

"திற."

"அம்மா, தண்ணி நிரப்பணும், காத்து எடுக்கணும். ரெண்டு நாளுக்காக..."

"ஒரு நாளா இருந்தா என்ன? உங்கப்பன் யாருமே இல்லாம பதினெட்டு வருஷம் எரிச்சாரு. இன்னிக்கு ஆள் இருக்கு. திறடா."

எல்வீர் படி முடியும் இடத்தில் சுவர் முன்னால் நின்றான். உடைத்த இடத்தை யாரும் இன்னும் பூசவில்லை. செங்கல் ஓரத்துப் பூச்சில் அப்பாவின் மூன்று பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. வால்வில் கையை வைத்தான், தோள் குலுங்கியது. ஸும்ரா அவன் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள், அவன் அழுது முடிக்கும்வரை. அப்புறம் அவன் மெல்லத் திறந்தான்.

தண்ணீர் சுவருக்குள் ஏறியது. காற்று முட்டும் இடங்களில் குழாய் டொக் டொக்கென்றது. ஸும்ரா காற்றுத் திருகைத் திறக்கும் சின்னச் சாவியும் ஒரு கிண்ணமும் எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, ரேடியேட்டர் ரேடியேட்டராகக் குனிந்து காற்றை விட்டாள். ஹுஸ்ரெஃப் அக்டோபர்தோறும் செய்த வேலை. அவள் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஒவ்வொன்றும் புஸ்ஸென்று மூச்சு விட்டு, துப்பி, பிறகு நூல்போலத் தண்ணீர் ஊற்றியது. எட்டாவது, குழந்தைகளின் கட்டிலை ஒட்டி இருந்தது. அதில் வந்த தண்ணீர் விரலில் பட்டபோதே வெதுவெதுப்பாக இருந்தது. ஹனா கோட்டைக் கழற்றிவிட்டுத் தன் முதுகை ரேடியேட்டரில் சாய்த்துக்கொண்டாள்.

"வந்துட்டாங்கய்யா" என்று ஸும்ரா சொன்னாள், யாருக்கும் கேட்காமல்.

கிண்ணத்தைக் கொட்டிவிட்டு நிலவறைக்கு இறங்கினாள். பாய்லர் கதவைத் திறந்து, ஒரு கூடை போட்டாள், இரண்டாவது கூடை போட்டாள், மூன்றாவதுக்குக் கொட்டகைக்குப் போனாள். அந்த வருஷம் மிச்சம் பிடித்த விறகு அங்கே கூரைவரை அடுக்கிக் கிடந்தது.